சல்லடம் முதல் சாண்டோ பனியன் வரை: மைசூரும் ஆண் உடம்பின் விளம்பரமும்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரோடு நகரப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே நின்ற பேருந்தின் முதுகு முழுக்க ஒரு உள்ளாடை விளம்பரம். சட்டையில்லாத இளைஞன் ஒருவன் வயிற்றில் ஆறு கட்டங்கள் தெரிய நின்றான். நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன சார் இது! நம்ம காலத்துல சோப்பானாலும் பொம்பளப் படம், டிராக்டரானாலும் பொம்பளப் படம். இப்ப ஆம்பளையையும் உரிச்சு மாட்டிட்டான். எல்லாம் டி.வி. வந்த பிறகு வந்த வெளிநாட்டுப் பழக்கம்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. மறுபாதி, அதுவும் மைசூரில் நின்றுகொண்டு சொன்னதால், எனக்குச் சரியென்று படவில்லை. ஆணின் உடம்பைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் கலை இந்த ஊருக்குப் புதிதல்ல. அது இங்கே அரண்மனைச் செலவிலேயே நடந்திருக்கிறது. அப்போது விற்கப்பட்டது பனியனோ சோப்போ அல்ல, அந்த உடம்பேதான் சரக்கு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பேருந்தின் முதுகில் நிற்கும் இளைஞனின் வம்சாவளி நமக்குப் புரியும். மலருக்கு ஏதேனும் எழுதித் தரச் சொன்னபோது இதையே எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு பழங்கதை. இதில் நம் திருச்சிராப்பள்ளியும் வருகிறது. தோற்றவன் நம்மூர்க்காரன் என்பதை மன்னித்துக்கொள்ள வேண்டும்.

மைசூரை 1638 முதல் 1659 வரை ஆண்டவர் ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார். பெங்களூரில் கண்டீரவா ஸ்டேடியத்தைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அது இவர் பெயர்தான். இவர் பட்டத்துக்கு வருவதற்கு முன் திருச்சிராப்பள்ளி அரசவையில் ஒரு பெரிய மல்லன் இருந்தானாம். தன்னை வெல்ல ஆளில்லை என்பதற்கு அடையாளமாகத் தன் சல்லடத்தைக் கோட்டை வாயிலில் தொங்கவிட்டிருந்தானாம். உள்ளே போகிற வீரன் எவனும் அதன் கீழே குனிந்து போக வேண்டும். மனம் ஒப்பாதவன் சண்டைக்கு வரலாம். கண்டீரவர் மாறுவேடத்தில் போய் அவனை வீழ்த்திவிட்டுத் தாம் யாரென்று காட்டாமல் திரும்பினார் என்பது கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் வரலாற்றை எழுதிய கர்னல் வில்க்ஸும் இந்தத் திருச்சிப் பயணத்தைச் சொல்கிறார். 1960இல் ராஜ்குமார் நடித்து வந்த கன்னடப் படத்தால் இங்குள்ள சிறு பிள்ளைக்கும் கதை தெரியும்.

சல்லடம் என்பது நம் ஊர்க் காவல் தெய்வங்கள் கட்டியிருக்கும் அதே அரைக்கச்சைதான். இந்தக் கதை நடந்ததோ இல்லையோ, அந்த மல்லன் செய்தது ஒரு விளம்பரம் என்பதில் ஐயமில்லை. ஆள் உள்ளே இருக்கிறான், அவன் உடுப்பு வாசலில் தொங்கி உடம்பின் பெருமையைச் சொல்கிறது. இன்றைய விளம்பரத்தில் இது தலைகீழாக மாறியிருக்கிறது. இப்போது உடம்பு வாசலில் நின்று உடுப்பின் பெருமையைச் சொல்கிறது. நடுவில் நடந்தது என்ன என்பதுதான் மீதிக் கதை.

அரசர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். கடற்கரையில் கோயில் குடைந்த பல்லவ நரசிம்மவர்மன் தன் பட்டப்பெயராகத் தேர்ந்தது மாமல்லன் என்பதை. ஊருக்கே அந்தப் பெயர். மைசூர் அரண்மனையோ ஜெட்டிகள் என்ற மல்லர் குலத்தாரைத் தலைமுறை தலைமுறையாக ஆதரித்தது. விஜயதசமியன்று ஜம்பூ சவாரி புறப்படுமுன் அரண்மனை முற்றத்தில் மழித்த தலையோடு இருவர் வஜ்ரமுஷ்டி பிடிக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. எவன் தலையிலாவது முதல் துளி இரத்தம் தெரிந்ததும் சண்டையை நிறுத்திவிடுவார்கள். பலத்தைப் பார்வைக்கு வைப்பது அரசின் பலத்தைச் சொல்வதாகும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அதைச் சரக்காக மாற்றிய ஆள் வெளியிலிருந்து வந்தார். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் கொடிகட்டிப் பறந்த யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பாரம் தூக்கும் வீரர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் தூக்குகிற பாரத்தைவிடத் தூக்குகிற உடம்பைப் பார்க்கவே மக்கள் காசு கொடுப்பார்கள் என்று கண்டுகொண்டவர் அவர்தான். புகைப்படம், புத்தகம், பத்திரிகை, தபால்வழிப் பயிற்சி, கையில் இழுத்துப் பழகும் சாதனம், கடைசியில் கோக்கோ பொடி வரை அந்த உடம்பு விற்றது. நம் தமிழில் அவர் இரண்டு இடங்களில் நிலைத்துவிட்டார். ஒன்று சாண்டோ சின்னப்பா தேவர், மற்றொன்று சாண்டோ பனியன். சட்டையில்லாமல் நின்று புகழ்பெற்ற மனிதரின் பெயர் ஒரு உடுப்புக்குப் போய்ச் சேர்ந்ததை என்னவென்று சொல்வது! திருச்சி வாயிலில் தொங்கிய சல்லடம் மறுபடி நினைவுக்கு வருகிறது.

சாண்டோ வந்த நேரமும் ஒரு காரணம். படித்த இந்தியன் நோஞ்சான், பேனா பிடிக்கத்தான் லாயக்கு என்று வெள்ளைக்காரன் ஏளனம் செய்துகொண்டிருந்த காலம் அது. மெக்காலே வங்காளிகளைப் பற்றி எழுதிவைத்த ஏச்சு பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்திருந்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால் தாது புஷ்டி லேகியங்களும், ஜாம்நகர் ஆதங்கநிக்ரஹ மாத்திரையும், இழந்த பலத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் இன்ன பிறவும் எத்தனை எத்தனை! அவை ஆணின் பயத்தை விற்றன. சாண்டோவும் அவர் வழி வந்தவர்களும் அதே பயத்துக்கு மறுமொழியாக ஒரு படத்தை நீட்டினார்கள். ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பில் யானையை ஏற்றிக்கொண்டும், காரை இழுத்து நிறுத்தியும் ஊர் ஊராகக் காட்சி நடத்தி 'இந்திய ஹெர்குலிஸ்' ஆனார். மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். ஆனால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனதோடு சரி.

அந்த உடம்பை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறேன் என்று சொன்னவர் நம் மைசூர் சமஸ்தானத்துக்காரர். கோலார் வெங்கடேச ஐயர், சுருக்கமாகப் பேராசிரியர் கே.வி. ஐயர். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாஸியம் என்ற பெயரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். தபால்வழிப் பயிற்சியும் தந்தார். 1930இல் 'மஸில் கல்ட்', 1936இல் 'பெர்ஃபெக்ட் ஃபிஸிக்', அடுத்து சூரிய நமஸ்காரம் பற்றி ஒன்று என ஆங்கிலத்தில் புத்தகங்கள் போட்டார். எல்லாவற்றிலும் படம் அவருடையதுதான். கிரேக்கச் சிலை போல முகத்தைத் திருப்பி, இடுப்பில் ஒரு சிறு துணியோடு நிற்பார். அந்தப் படங்கள் லண்டன் உடற்பயிற்சிப் பத்திரிகைகள் வரை போயின. தம் உடம்பு தேவர்களையும் ஏங்க வைக்கும் என்ற தோரணையில் கூச்சமில்லாமல் எழுதிக்கொள்வார். நம் வீடுகளில் யாராவது அப்படிப் பேசினால் பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள்.

ஆனால் அவரை வெறும் தற்பெருமைக்காரர் என்று தள்ளிவிடக் கூடாது. இதே மனிதர்தான் கன்னடத்தில் 'சாந்தலா' நாவலையும் 'ரூபதர்சி'யையும் எழுதியவர். தஞ்சைத் தமிழ்க் குடும்பத்தில் வந்து கன்னட நாடகத்தையே மாற்றியமைத்த டி.பி. கைலாசத்துக்கு மிக நெருங்கிய நண்பர். கைலாசம் வந்து பேசிப் பொழுது போக்கிய இடங்களில் ஐயரின் பயிற்சிக் கூடமும் ஒன்று. பாரம் தூக்குவதோடு ஹடயோகத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர் ஐயர். யோகாசார்ய சுந்தரத்தோடு சேர்ந்து மேடையேறுவார். சுந்தரம் ஆசனங்களைக் காட்டுவார், ஐயர் தசைகளைக் காட்டுவார். சுந்தரத்தின் 'சுந்தர யோக சிகிச்சை' தமிழிலும் வந்த நூல், பெரியவர்கள் வீட்டு அலமாரியில் பார்த்திருப்பீர்கள்.

ஐயரின் விளம்பரத்தில் ஒரு நேர்மை இருக்கிறது, ஒரு சூதும் இருக்கிறது. பாத்திரக் கடைக்காரர் மாதிரிக்கு ஒரு குடத்தை வெளியே தொங்கவிடுகிறாரே, அதுபோலத் தம் உடம்பையே மாதிரியாகத் தொங்கவிட்டார். சரக்கும் சாட்சியும் ஒன்றுதான், ஏமாற்ற இடமில்லை. அது நேர்மை. ஆனால் உள்ளே போய் வாங்கும் குடம் வெளியில் தொங்கும் குடத்தைப் போலவே இருக்கும், உடம்பு அப்படியல்ல. பிறவி வாகு, சாப்பாடு, நேரம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஏதோ ஒரு தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர் தபாலில் பாடம் வரவழைத்து, விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் அதைச் செய்து பார்த்து, ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி முன் நின்றபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. முன்பு இல்லாத ஒரு குறை அவர் உடம்பில் சேர்ந்திருக்கும். படத்தில் இருப்பது போல் இல்லை என்ற குறை.

இனி மைசூருக்குள் வருவோம். ஜகன்மோகன அரண்மனையை அறியாத மைசூர்த் தமிழர் இல்லை. 1861இல் கட்டியது, 1915 முதல் சித்திர சாலை. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933இல் இதில் ஒரு யோகசாலை தொடங்கியது. ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அரண்மனையின் ஆதரவு கே.வி. ஐயருக்கும் உண்டு, அவரிடம் பயின்ற ஒருவர் இதே வளாகத்தில் உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார். ஒரு பக்கம் ஆசனம், மறுபக்கம் பாரம். மேல்நாட்டு உடற்பயிற்சியும் நம் ஹடயோகமும் மைசூரில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தன என்பதை நார்மன் ஸ்யோமன் (1996), மார்க் சிங்கிள்டன் (2010) போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் யோகாசன முறைகளில் எவ்வளவு பழையது, எவ்வளவு அந்த அறைகளில் பிறந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் இறங்கப் போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்று யோகம் என்றால் ஜனங்களுக்கு ஏதோ சாமியார் சமாசாரம். அதை ஊருக்கு உணர்த்தப் பிரசாரம் வேண்டும். பிரசாரத்துக்கு உடம்பு வேண்டும். கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவச் சிறுவர்கள் அரை நிஜாரோடு, வருகிற விருந்தாளிகள் முன்பும், வெளியூர்க் கூட்டங்களிலும் ஆசனங்களைச் செய்து காட்டினார்கள். 1934இல் அவருடைய 'யோக மகரந்தம்' கன்னடத்தில் படங்களோடு வந்தது. அந்தக் கன்னட நூலை அச்சிட்டது மதுரை அச்சகம் ஒன்று. 1938இல் தமிழ்ப் பதிப்பும் வந்தது. அதே 1938இல் எடுத்த மௌனப் படம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளையில், பேச்சில்லாமல், உடம்புகள் வளைந்து நிமிர்கின்றன. கண் எடுக்க முடியாது.

அந்தப் படத்தில் இருக்கும் இளைஞர்களில் ஒருவர் பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்கார். உலகம் அறிந்த பி.கே.எஸ். ஐயங்கார். 1918இல் கோலார் மாவட்டப் பெல்லூரில் பிறந்தவர். கன்னட நாட்டு ஐயங்கார் குடும்பங்கள் வீட்டில் பேசும் தமிழ் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், ஆனாலும் தமிழ்தான். சிறு வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசம் என்று படுத்து எழுந்த உடம்பு. அக்காள் நாமகிரியம்மாளைக் கிருஷ்ணமாச்சாரியாருக்குக் கொடுத்திருந்ததால் 1934இல் மைசூருக்கு வந்து சேர்ந்தார். அத்திம்பேரே குரு. குருவோ மிகக் கடுமையானவர்.

ஐயங்கார் பிற்காலத்தில் பலமுறை சொன்ன ஒரு சம்பவம் உண்டு. சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் முன் அனுமனாசனம் செய்து காட்டச் சொன்னாராம் குரு. காலை முன்னும் பின்னும் நேர்கோடாக நீட்டித் தரையில் அமரும் ஆசனம் அது. தெரியாது என்று சொல்ல முடியாத பையன், நிஜார் இறுக்கமாக இருக்கிறது, காலை நீட்ட வராது என்று சாக்குச் சொன்னான். குரு கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி நிஜாரை வெட்டிவிட்டு, "இப்போது செய்" என்றாராம். செய்தான். பின்தொடைத் தசை கிழிந்தது. நெடுநாள் சரியாக நடக்க முடியவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த பெரிய மனிதருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கண்டது இலகுவாகக் காலை நீட்டி உட்கார்ந்த ஒரு பையனை. யோகத்தின் மகிமை என்று வியந்துவிட்டுப் போயிருப்பார். விளம்பரத்தில் உடம்பு பேசும், உடம்புக்குள் இருப்பவன் பேச மாட்டான். சாண்டோவும் கே.வி. ஐயரும் தங்கள் உடம்பைத் தாங்களே காட்டினார்கள், வந்த காசும் புகழும் அவர்களைச் சேர்ந்தன. ஜகன்மோகன அரண்மனைப் பையன்கள் காட்டப்பட்டார்கள். கிருஷ்ணமாச்சாரியாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் இந்த வித்தை இன்று யாருக்குத் தெரியும்? அரண்மனைப் படி நிற்காமல் வர வேண்டுமானால் ஆட்களைக் கவர்ந்தாக வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்திருக்கும். ஆனால் அந்த நெருக்கடி கடைசியில் பையன் ஒருவனின் தொடை நரம்பில்தான் வந்து இறங்கியது.

அதே பையன் 1937இல் புனேக்குப் போய், 1966இல் 'லைட் ஆன் யோகா' என்ற நூலைக் கொண்டுவந்தார். அதில் ஏறக்குறைய 600 படங்கள், எல்லாம் அவர் உடம்பு. காட்டப்பட்டவர் இப்போது தாமே காட்டினார். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

மன்னர் 1940இல் காலமானார். சமஸ்தானம் போய், 1950இல் யோகசாலையும் மூடப்பட்டது. கிருஷ்ணமாச்சாரியார் பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்து 1989 வரை வாழ்ந்தார். மைசூரில் தங்கிய மாணவர் பட்டாபி ஜோயிஸ் 1948இல் லட்சுமிபுரத்தில் தொடங்கிய பள்ளி பின்னர் கோகுலத்துக்கு மாறியது. வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இன்று நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் ஆசிரியர் மேற்பார்வையில் அவரவர் தனித்தனியே ஆசனம் செய்யும் வகுப்புக்கு 'மைசூர் ஸ்டைல்' என்று பெயர். மைசூர் பாகுக்குக் கூட அவ்வளவு தூரம் போகக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த இடைக்காலத்தில் கடைத்தெரு விளம்பரம் தன் வழியே போயிற்று. சோப்பு, பவுடர் எல்லாம் பெண் முகம்தான், நண்பர் சொன்ன அந்தப் பாதி சரி. மைசூர் சாண்டல் சோப்பின் மூலமான சந்தன எண்ணெய் ஆலை மைசூரில் வந்தது 1916இல். அதற்கு விளம்பரத் தூதுவராக ஒரு ஆணைப் போட்டது 2006இல்தான், கிரிக்கெட் வீரர் தோனி. 2025இல் தமன்னாவை 6 கோடியே 20 லட்சத்துக்கு நியமித்தபோது கன்னடப் பெண் கிடைக்கவில்லையா என்று சண்டை வந்தது நினைவிருக்கும். உடம்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மொழியைப் பற்றித்தான்! திருப்பூர்க்காரர்களின் வேட்டி விளம்பரங்களையும் இங்கே சேர்க்க வேண்டும். ராம்ராஜ் வேட்டிக்காரர் சட்டை வேட்டியோடு நடந்து வர எதிரே இருப்பவர்கள் சல்யூட் வைக்கிறார்கள். உடம்பை மூடியும் ஆணை விளம்பரம் செய்யலாம், அதற்கு ஊரார் தரும் மரியாதையைக் காட்டினால் போதும் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அந்த மூடியை ஒரேயடியாகக் கழற்றியது 1995இல் வந்த 'டஃப்' காலணி விளம்பரம். மிலிந்த் சோமனும் மது சப்ரேயும் காலணியும் ஒரு மலைப்பாம்பும் தவிர வேறெதுவும் அணியாமல் நின்றார்கள். ஆபாச வழக்கு பம்பாயில் 14 ஆண்டுகள் நடந்து 2009இல் விடுதலையில் முடிந்தது. இதில் கவனிக்க வேண்டிய சட்டச் செய்தி ஒன்று உண்டு. விளம்பரங்களில் பெண்களை இழிவாகக் காட்டுவதைத் தடுக்க 1986இல் தனிச்சட்டமே வந்தது. அது வேண்டியதுதான். ஆண்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆணுக்கு உடம்பால் அவமானம் வராது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள் போலும். 2005இல் ஆண்களுக்கென்றே சிவப்பழகு கிரீம் வந்து, 2007இல் ஷாருக் கான் அதைக் கையில் பிடித்தபோது, கறுப்பாகப் பிறந்த நம் வீட்டுப் பையன்கள் எத்தனை பேர் யாருக்கும் தெரியாமல் அதை வாங்கிப் பூசினார்கள் என்று தகப்பன்மாரைக் கேட்டால் தெரியும்.

யோகமும் இப்போது தனி ஒருவர் உடம்பை விட்டுக் கூட்டத்தின் உடம்புக்கு வந்துவிட்டது. 2017 ஜூன் 21இல் மைசூர் குதிரைப் பந்தய மைதானத்தில் 55,506 பேர் ஒன்றாக ஆசனம் செய்து கின்னஸில் இடம்பெற்றார்கள். அடுத்த ஆண்டே ராஜஸ்தானத்துக் கோட்டா அதை முறியடித்தது. 2022இல் அரண்மனை மைதானத்தில் பிரதமரோடு சுமார் 15,000 பேர். தொலைக்காட்சியில் பார்த்தபோது 1938இன் மௌனப் படம் கண்முன் வந்து போயிற்று. அப்போதும் அரண்மனை, இப்போதும் அரண்மனை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த பஸ்ல நிக்கிற பையனுக்கு எவ்வளவு சார் குடுத்திருப்பாங்க?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி அதற்கு முன் தோன்றவே இல்லை.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் ஜகன்மோகன அரண்மனைக்கு அழைத்துப் போகிறோம். எல்லாரும் கேட்பது விளக்கேந்திய பெண் ஓவியம் எங்கே என்றுதான். ரவிவர்மா வரைந்தது என்பார்கள் பலர். இல்லை, ஹல்தங்கர் வரைந்தது. விளக்கோடு நின்றவர் அவர் மகள் கீதா, 102 வயது வரை வாழ்ந்து 2018இல் மறைந்தார். அடுத்த முறை போகும்போது அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தில்தான் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பத்துப் பதினைந்து பையன்கள் அரை நிஜாரோடு தலைகீழாக நின்றார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரின் பெயர்தான் நமக்குத் தெரியும்.